அப்பாவின் கடைசி மாதங்கள் மட்டும்தான் நினைவில் நிற்கின்றன

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்டது ஒரு வாசகியின் நீண்ட கடிதம். அவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பக்கவாதத்தில் பேச்சையும் வலது கையையும் இழந்து 14 மாதங்கள் படுக்கையில் இருந்தார். 74 வயதில் இறந்தார். பத்து மாதங்கள் ஆகின்றன. பகலில் மகளும் இரவில் ஓர் உதவியாளரும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பினார். அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வியாழக்கிழமைதோறும் வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். இடையில் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக வாசிப்பார். அப்பா உடனே இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். சித்தப்பா மட்டும் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உறவும் நட்புமாக நாற்பது பேரை அழைக்க அண்ணன் ஏற்பாடு செய்கிறார். யாரும் அழக்கூடாது, அப்பாவின் வாழ்க்கைக்கு நன்றி சொல்லும் நாளாக அது இருக்க வேண்டும் என்பது அவர் போட்டிருக்கும் நிபந்தனை. வாசகி ஐந்து நிமிடம் பேச வேண்டும். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலும் அவர் பொறுப்புதான். அதில் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்! அம்மாவோ அப்பாவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

“எழுத உட்கார்ந்தால் கட்டிலும் மூக்கில் செருகிய குழாயும்தான் கண்முன் வருகின்றன. நன்றி என்று எழுதினால் கணக்கை முடித்து மூடிவிட்டதுபோல் இருக்கிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாமே, நான் கோபத்திலேயே மாட்டிக்கொண்டேனா?” என்று கேட்கிறார். அப்பா முன்கோபி, அண்ணனோடு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர் என்பதைச் சொல்வதா விடுவதா என்ற குழப்பம் வேறு. கையெழுத்துக்குக் கீழே அவசரமாகச் சேர்த்ததுபோல் இன்னொரு கேள்வி: “அப்பாவின் கைப்பேசி எண்ணை நிறுத்திவிடலாமா?”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த விரல்தான். பக்கவாதத்தில் பேச்சு போனாலும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் பலருக்கு ஓரளவு மிஞ்சியிருக்கும். அந்த நண்பர் மருத்துவம் படித்தவரில்லை. ஆனால் உங்கள் அப்பாவிடம் மிஞ்சியிருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் பிழை திருத்தியவருக்கு ஒரு பிழையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கட்டிலைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை என்று எழுதிய நீங்களேதான் இரண்டு பக்கம் தள்ளி இதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டிலில் நோயாளி மட்டும் படுத்திருக்கவில்லை. ஒரு மெய்ப்புத் திருத்துநரும் இருந்திருக்கிறார்.

முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் இரண்டு எண்ணங்களைப் பார்த்துவிடலாம். இரண்டுமே அரைகுறையாக நம் காதுக்கு வந்து சேர்ந்தவை.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களாகப் பரவலாகச் சொல்லப்படுவது எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் பேசிப் பார்த்தது குணமாகாத நோயோடு தங்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்களிடம். பிரிவுத் துயரில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று பிற்பாடுதான் நீட்டப்பட்டது. எல்லோரும் அதே வரிசையில் ஏறியாக வேண்டிய படிக்கட்டு என்று ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. ஆகவே மூன்றாவது படியில் காலை வைக்க மறுக்கிறோமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் என் அனுபவத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் ஒரு நேரமும் அன்றாட வாழ்க்கையின் பக்கம் ஒரு நேரமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறார்கள். காலையில் அலுவலகத்தில் சிரித்துவிட்டு மாலையில் செய்தித்தாளைப் பார்த்து அழுததை ஏதோ நடிப்பு மாதிரி எழுதியிருந்தீர்களே, அந்தப் போக்குவரத்துதான் இது. நடிப்பு இல்லை.

அடுத்தது, நன்றி சொன்னால் கணக்கு மூடிவிடும் என்ற பயம். துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல மெல்லக் கழற்றிக்கொள்ளும் வேலை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1917-ல் எழுதினார். நெடுங்காலம் எங்கள் மனநலத் துறையிலும் அதுதான் பாடம். ஆனால் 1920-ல் அவருடைய மகள் சோஃபி இறந்துபோனார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் அவரே எழுதினார். கோட்பாடு எழுதியவருக்கே கழற்ற முடியவில்லை! 1990-களில் இருந்து, இறந்தவரோடு உள்ள உறவு வடிவம் மாறித் தொடர்கிறது, அது நோயும் அல்ல என்ற பார்வை வலுவாகிவிட்டது. எனவே நீங்கள் நாற்பது பேர் முன்னால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழலாம். நன்றி சொல்லும்போதே அழுதாலும் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீண்டு நிலைத்துவிடும் துயரை இப்போது தனிக் கோளாறாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆறு மாதங்கள், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் 2022 பதிப்பில் பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்று கால அளவு வேறுபடுகிறது. நாட்களை எண்ணி மட்டும் அதை முடிவு செய்ய முடியாது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஏக்கம் ஆளை முடக்குகிறதா, இறந்தவரை நினைவூட்டும் எதையும் நெருங்கவே முடியவில்லையா, வேலையும் உறவுகளும் நின்றுபோயினவா என்று பார்ப்பார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், தூங்குகிறீர்கள், மகளோடு சேர்ந்து சிரிக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்லக்கூடாது. இருந்தாலும் நீங்கள் பயப்படும் இடத்தில் நீங்கள் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த நிலை மாறினாலோ, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, நினைவு நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அம்மாவையும் இதே கண்ணோடு கவனியுங்கள்.

கட்டிலுக்கு முந்தைய அப்பா

14 மாதங்கள் என்பது 74 ஆண்டுகளில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் நினைவு இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. டேனியல் கானமன், டொனால்ட் ரெடெல்மையர் இருவரும் வலி மிகுந்த ஒரு பரிசோதனைக்கு உட்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1996-ல் வெளியானது. பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பின்னாளைய நினைவில் அநேகமாகக் கணக்கிலேயே வரவில்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும் முடிவுக் கணமும்தான் தங்கியிருந்தன. ஒரு மருத்துவப் பரிசோதனையையும் ஒருவரின் வாழ்க்கையையும் அப்படியே ஒப்பிட முடியாது, சரி. ஆனால் முடிவு முழுவதையும் மூடிக்கொள்ளும் விதம் அதேதான். என் அம்மா இறந்த புதிதில் எனக்கு மாத்திரை டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் மட்டும்தான் நினைவில் இருந்தது. அவர் குரல் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதற்கு வழி, கட்டிலைத் துரத்துவது இல்லை. துரத்தத் துரத்த வரும். பக்கத்தில் வேறு காட்சிகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் மற்றவற்றைவிடக் கூடுதலாக வருகின்றன. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பிறந்தபோது அப்பாவுக்கு 28, 29 வயது இருக்கும். உங்களுக்கு விவரம் தெரிந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டார். தன் வாழ்க்கை என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கக்கூடிய பகுதியை நீங்கள் பார்க்கவே இல்லை. அது அம்மாவிடமும் அந்த வியாழக்கிழமை நண்பரிடமும் இருக்கிறது. ஏன், சித்தப்பாவிடமும் இருக்கிறது.

அதனால் எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கேளுங்கள். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தங்கமான மனுஷன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்ன செய்தார், எந்தப் பிழையைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, யாரிடம் கடன் வாங்கினார், எதற்கு வயிறு வலிக்கச் சிரித்தார், இப்படிக் கேளுங்கள். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. அனுமதி வாங்கிக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

அம்மாவிடம் மட்டும் கேள்வி வேண்டாம். படங்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். பேசினால் பேசட்டும். பேசாதது மறந்ததற்கு அடையாளமும் இல்லை, அன்பு இல்லாததற்கும் இல்லை. மேடைக்கு அழைத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும் யோசனை அண்ணனுக்கு இருந்தால், முன்கூட்டியே அம்மாவிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

யாருக்கு நன்றி, எதற்கு நன்றி

பட்டியலை ஒரு விருதுப் பட்டியல்போல நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சித்தப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், அதனால்தான் வரிசை எண் கேட்கிறார். பெயர்களை அடுக்கும்வரை இந்தச் சண்டை தீராது. பெயரைவிட்டு, செய்த காரியத்தைச் சொல்லிப் பாருங்கள். “வியாழக்கிழமைகளில் தப்பாக வாசித்தவர்” என்று ஒருவரைக் குறிப்பிட்டால், கூட்டத்தில் யாரும் அவருக்கு முன்னால் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்க மாட்டார்கள்.

காரியத்தைத் தேடிக்கொண்டு போனால் பட்டியலே மாறிவிடும். இரவு உதவியாளரைப் பற்றி உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அழைக்க வேண்டியவர்கள் என்று நீங்கள் குறித்திருப்பதில் அந்தப் பெண்மணி இல்லை. சம்பளம் வாங்கியவர்தானே என்று விட்டுப்போயிருக்கலாம். சம்பளம் புரட்டிப் படுக்கவைப்பதற்குத்தான். சொல்லிவிட்டுச் செய்தது அவராகக் கொடுத்தது. கூப்பிடுங்கள்.

இதே இடத்தில் உங்களிடம் கொஞ்சம் கறாராக ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் “பணம் மட்டும்தான்” அனுப்பினார் என்கிறீர்கள். அந்தப் பணத்தில்தான் அந்த உதவியாளர் வந்தார், அதனால்தான் 14 மாதங்கள் நீங்கள் இரவில் தூங்கினீர்கள். பகல் முழுக்க நீங்கள் சுமந்ததற்கு இது ஈடாகாது. ஆனால் “மட்டும்தான்” என்ற சொல் பொருந்தவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் செய்ததை அந்தக் கூட்டத்தில் நீங்களே சொல்லிக்கொள்ள முடியாது. யாராவது சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கிறது, வரிகளுக்கு நடுவே அது தெரிகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அண்ணனிடமே கேட்டுவிடுங்கள்: “நான் பார்த்துக்கொண்டதை நீ உன் வாயால் ஒரு வரி சொல்லணும் அண்ணா.” கேட்டு வாங்கிய நன்றிக்கு மதிப்புக் குறைவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பல குடும்பங்களில் கேட்காததால்தான் அது கடைசிவரை வராமலே போகிறது.

நன்றியைக் கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. சிலருக்குக் கடிதம் பொருத்தமாக இருக்கும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று எழுதியவர்கள் அளவுக்கு மீறி அஞ்சினார்கள். அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதையோ குறைத்தே மதிப்பிட்டார்கள். நடை சரியாக வருமா என்ற கவலை எழுதியவர்களுக்குத்தான். வாசித்தவர்கள் அன்பைத்தான் பார்த்தார்கள்.

சித்தப்பாவை என்ன செய்வது?

மூன்று வழிகள் உங்கள் முன் இருக்கின்றன. மேடையில் குத்திக் காட்டலாம். அந்த நிமிடம் இதமாக இருக்கும், அப்புறம் பத்து ஆண்டுகள் குடும்பம் அதைப் பற்றியே பேசும், அப்பாவின் நினைவு நாள் சித்தப்பாவின் நாளாகிவிடும். அல்லது எல்லோரோடும் சேர்த்து “உறுதுணையாக இருந்த” என்று அவரையும் ஏற்றலாம். அது பொய், சொல்லும்போது உங்கள் தொண்டையே காட்டிக்கொடுத்துவிடும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன். அவர் செய்யாததற்கு நன்றி சொல்லாதீர்கள். செய்த ஒன்று அறுபது ஆண்டுகளில் எங்காவது இருந்தால், அதை மட்டும் சொல்லுங்கள். தேடியும் கிடைக்கவில்லையென்றால் வந்திருக்கும் எல்லோரோடும் சேர்த்து வரவேற்பில் பெயர் வரட்டும், போதும்.

படுத்துவிட்ட அண்ணனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வராமல் இருப்பவர்கள் உண்டு. நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தப்பா அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. அந்த வகையே என்றாலும் அவரை இப்போதே மன்னித்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்தக் கோபத்தைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அது கணவராகவோ தோழியாகவோ என்னைப் போன்ற ஒருவராகவோ இருக்கலாம். நாற்பது பேராக இருக்க வேண்டாம்.

கோபக்காரர் என்பதைச் சொல்லலாமா

முன்கோபி என்பதைச் சொல்லுங்கள். நாற்பது பேருக்கும் அது தெரியும். அதை மறைத்துவிட்டு ஒரு புனிதரைப் பற்றிப் பேசினால், யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். பிழை மலிந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அந்தத் திருமணத்துக்கே போகமாட்டேன் என்று நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொன்னால் கோபமும் ஆளும் சேர்ந்தே வந்துவிடுவார்கள்.

ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்த கதை அப்படியல்ல. அதில் பாதி அண்ணனுடையது, அவர் உயிரோடு இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். “யாரும் அழக்கூடாது” என்ற நிபந்தனைக்குப் பின்னால் அந்த ஆறு ஆண்டுகள்தான் நிற்கின்றனவோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அழத் தொடங்கினால் முதலில் உடையப்போவது அவராக இருக்கலாம். நிபந்தனையைப் பற்றி அவரோடு வாதாடாமல், “எனக்கு அழுகை வந்தால் மீதியை நீ வாசிக்கிறாயா?” என்று கேட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு சம்பவங்கள் தாராளம். மூன்றாவது வேண்டாம். படுக்கையில் இருந்த படங்களையும் எங்கும் போட வேண்டாம். தன்னை அப்படி நாற்பது பேர் பார்ப்பதற்குச் சரி சொல்ல அவரால் இனி முடியாது.

கைப்பேசி எண்

வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்பதில் மனநலம் சார்ந்த சரி தவறு எதுவும் இல்லை. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். நிறையப் பேர் செய்வதுதான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பயன்படுத்தாத எண்ணை நிறுவனங்கள் ஒரு காலத்துக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். என்றைக்காவது நீங்கள் அழைக்க, முன்பின் தெரியாத குரல் எடுக்கக்கூடும். அந்த அதிர்ச்சியோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆகவே அது தானாகப் போவதற்கு விடாமல், வைத்துக்கொள்வதானால் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாள் குறித்து நிறுத்துங்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்திருக்கும், அவற்றை முடித்த பிறகு நிறுத்துவது நல்லது.

அதற்கு முன்னால், நோய்க்கு முன் அவர் அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் கைப்பேசியில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பழைய கைப்பேசி வீட்டில் எங்காவது கிடந்தால் அதிலும் பாருங்கள், அண்ணனிடமும் அந்த நண்பரிடமும் கேளுங்கள். “வரும்போது சிவப்பு மை பேனா வாங்கிவா” என்பது மாதிரி ஏழு வினாடிச் செய்தியாக இருந்தாலும் சரி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எண்ணைப் பற்றி முடிவு செய்யுங்கள்.